தண்ணீரை எந்தப் பக்கத்தில் எழுதுவது

1

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி சேகர் போனுக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மூன்றாவது ஞாயிறும் வரவில்லை.

எங்கள் ஏற்பாடு இதுதான். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் தங்கவயலில், ஊரிகத்துச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து கிளம்பி ராபர்ட்சன்பேட்டை பஜாரில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்துவிடுவான். அப்போது இங்கே மெல்போர்னில் மதியம் இரண்டரை. நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுக் கூப்பிடுவேன். பூத்துக்காரர் பாஷா பாய் எடுத்து, "கீறாரு, இந்தா" என்று கொடுப்பார். எங்கள் ஊர்ப் பேச்சில் இருக்கிறார் என்று சொல்லும் அந்த "கீறாரு"வைக் கேட்பதற்காகவே நான் வாரத்தில் ஆறு நாள் உழைக்கிறேன் என்று வீட்டில் கேலி செய்வார்கள். மூன்று வாரமாக பாஷா பாய், "இன்னும் வர்லம்மா" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஆகஸ்டோடு நாங்கள் இங்கே வந்து பத்து வருஷம். என் வீட்டுக்காரர் மோகன் தங்கவயலின் கனரக எந்திரத் தொழிற்சாலையில் கடைசல் பிடித்துக்கொண்டிருந்தவர். இங்கேயும் கடைசல்தான் பிடிக்கிறார். நான் அங்கே பள்ளிக்கூடத்தில் டீச்சர், இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சமையற்கட்டு உதவியாள். பத்து வருஷமானால் ஏதாவது எழுதவேண்டும் என்பது வழக்கம். குளிர், ரொட்டி, டிராம் வண்டி, எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிட்டார்கள். எனக்கென்று மிச்சமிருப்பது நான் செய்த ஒரு தப்பு. அதை எழுதிவிடுகிறேன்.

2

தப்பு ஒரு நூலகத்தில் ஆரம்பித்தது.

இங்கே நமக்கு முதலில் தகராறு வருவது படிவங்களோடு. என் பெயர் கஸ்தூரி. அப்பா பெயர் கோவிந்தசாமி. குடும்பப் பெயர் என்ன என்று படிவம் கேட்டது. குடும்பத்தில் பெரியவர் அப்பாதானே என்று அவர் பெயரை எழுதிவைத்தேன். அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் திருமதி கோவிந்தசாமி. ஒரு கட்டத்தில் அதுவும் மாறி, செத்துப்போன என் அப்பாவுக்கே பல் ஆஸ்பத்திரியிலிருந்து, "உங்கள் பற்களைப் பரிசோதிக்கும் நேரம் வந்துவிட்டது" என்று கடிதம் வந்தது. அதைத் திருத்த நான்கு அலுவலகம் ஏறி இறங்கினேன். நான்காவது இடத்தில் இருந்த பெண், என் ஆங்கிலத்தைக் கேட்டுப் பரிதாபப்பட்டு, பக்கத்து நூலகத்தில் வியாழக்கிழமை இலவச வகுப்பு நடக்கிறது, போங்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தாள்.

போனேன். அது ஆங்கில வகுப்பு இல்லை. அறை மாறி உட்கார்ந்துவிட்டேன். சுவரில் ஹீட்டர், மேசையில் டீ, பிஸ்கட். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடத்தியவள் எலெனி, கிரேக்கக் குடும்பத்துப் பெண், முப்பது வயதிருக்கும். பழைய கிரேக்க ஞானிகள் சொன்னதை இன்றைக்கு வாழ்ந்து பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். குளிருக்குப் பயந்து எழுந்திருக்காமல் இருந்துவிட்டேன்.

எலெனி சொன்ன முதல் விஷயமே எனக்குப் பிடித்தது. அந்த ஞானிகளுக்குத் தத்துவம் என்பது அலமாரியில் வைக்கிற புத்தகம் இல்லையாம். தினமும் செய்கிற உடற்பயிற்சி போலவாம். அதிலே ஒரு கூட்டத்துக்கு ஸ்டோயிக் என்று பெயர். கடைத்தெருப் பக்கம் ஒரு தாழ்வாரத்தில் நின்று போகிறவர் வருகிறவருக்கெல்லாம் பாடம் சொன்னவர்கள். பின்னால் அந்தப் பாடத்தைப் படித்தவர்களில் ஒருவர் கால் ஊனமான அடிமை, இன்னொருவர், படித்ததைக் குறிப்புகளாக எழுதிவைத்த, நாட்டை ஆண்ட அரசன். அடிமைக்கும் அரசனுக்கும் ஒரே வீட்டுப்பாடம் என்றதும் நான் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு நன்றாக உட்கார்ந்தேன்.

வீட்டுப்பாடம் இரண்டு. ஒன்று, ஒரு தாளில் நடுவே கோடு கிழித்து இந்தப் பக்கம் என் கையில் இருப்பது, அந்தப் பக்கம் என் கையில் இல்லாதது என்று எழுதவேண்டும். கையில் இல்லாததற்காகக் குமையக் கூடாது. இரண்டு, மாலையில் அன்றைய நாளைப் பற்றி உன்னை நீயே கேட்கவேண்டும்: எங்கே தவறினேன், எதைச் சரியாகச் செய்தேன், எதைச் செய்யாமல் விட்டேன்.

3

விளக்கேற்றிய கையோடு சாமி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த மூன்று கேள்வியையும் கேட்டுக்கொள்ள ஆரம்பித்தேன். இதிலே எனக்கு ஒன்றும் குற்ற உணர்ச்சி இல்லை. முருகர் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அதுவரை நான் சாமியிடம் கொடுத்துக்கொண்டிருந்தது பிரார்த்தனை இல்லை, மனு. அந்த விசா, இந்த வேலை, பிள்ளைக்கு மார்க்கு, மாமியாருக்கு மூட்டுவலி. அரசாங்கத்திடம் ஒரு படிவம், ஆண்டவனிடம் ஒரு படிவம். கேள்வி கேட்கும் வேலையை என் பக்கம் மாற்றிக்கொண்ட பிறகுதான் விளக்கு முன்னால் கொஞ்சம் அமைதியாக உட்கார முடிந்தது.

பலனும் இருந்தது. இல்லத்தில் ஒரு மேற்பார்வையாளர் அம்மா, நான் வெட்டும் காரட் ஒரே அளவில் இல்லை என்று தினமும் ஏதாவது சொல்லுவாள். முன்பெல்லாம் பஸ்ஸில் வீடு வரும்வரை அவளோடு மனதுக்குள் தமிழில் சண்டை போட்டுக்கொண்டு வருவேன். அவள் நாக்கு என் கையில் இல்லை, காரட் என் கையில் இருக்கிறது என்று பிரித்துக்கொண்டதும் பாதி வழியிலேயே சண்டை முடிந்துவிட ஆரம்பித்தது.

மகள் அனிதாவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு அருகே வரமாட்டாள். ஒருநாள் நான் கோடு கிழித்துக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்து, அதிசயமாகத் தமிழிலேயே, "என்னை எந்தப் பக்கம் போட்டிருக்கே?" என்றாள். கையில் இல்லாத பக்கத்தில் அவள் பெயர் இருந்தது. "குட்" என்று சொல்லிவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு முதல் தடவையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. கிரேக்க ஞானம் முழுக்க எனக்குப் பிடிபட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

4

சேகரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவன் சுரங்கத்துக்கு அடியில் பம்ப் ஓட்டியவன். தங்கம் எடுக்கிறவர்களுக்குப் பேர் உண்டு. தண்ணீர் எடுக்கிறவனை யாருக்கும் தெரியாது. பூமிக்குள்ளே நாலாபக்கமும் ஊறிக்கொண்டே இருக்கும் தண்ணீரை ராத்திரி பகல் பார்க்காமல் மேலே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு ஷிப்டு அசந்தால் கீழே இருக்கும் லெவல்களில், அதாவது தளங்களில், வேலை நடக்காது. இருபது வருஷத்துக்கு மேல் அவன் அதைத்தான் செய்தான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பம்புகளும் நின்றன. ஞாயிற்றுக்கிழமை போனில் சேகர் வேறெதையும் பேசமாட்டான். "தண்ணி ஏறுதுக்கா" என்பான். வேலைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால், "தண்ணி இந்த லெவலுக்கு வந்துட்ருக்கும்" என்பான். எனக்குப் பயமாக இருந்தது. மனுஷன் உட்கார்ந்த இடத்தில் உள்ளுக்குள்ளே முழுகிக்கொண்டிருக்கிறான் என்று தோன்றியது. கையில் மருந்து இருக்கும்போது கொடுக்காமல் இருப்பதா?

ஒரு நல்ல வெள்ளைத் தாளை எடுத்தேன். நடுவே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன். "அன்புள்ள தம்பிக்கு" என்று ஆரம்பித்து, கிரேக்க ஞானிகளைப் பற்றி நாலு வரி எழுதி, அவனுக்காக நானே இரண்டு பக்கத்தையும் நிரப்பினேன். உன் கையில் இருப்பது: உன் மூச்சு, உன் நாக்கு, உன் எண்ணம். உன் கையில் இல்லாதது: சுரங்கம், கம்பெனி, வேலை, குடியிருக்கிற லைன் வீடு, தண்ணீர். தண்ணீர் என்பதற்குக் கீழே இரண்டு கோடு வேறு போட்டேன், டீச்சர் புத்தி. கடைசியில், "இதைத் தினமும் பார். மனசு லேசாகும்" என்று எழுதித் தபாலில் சேர்த்தேன்.

அதற்கு அப்புறம்தான் அவன் போனுக்கு வராமல் போனது.

5

நான்காவது ஞாயிறு பாஷா பாய், "கீறாங்க, இந்தா" என்றார். கீறாங்க என்றதுமே அது சேகர் இல்லை என்று தெரிந்துவிட்டது. அவன் பெண்சாதி அமுதா வந்திருந்தாள்.

"அக்கா, நான்தான் வந்தேன். அவரு வர்ல."

"ஒடம்புக்கு இன்னா அவனுக்கு?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் கீது. நீங்க ஒரு லெட்டர் போட்டீங்க இல்ல, கோடு கிழிச்சி? அத்த ராமலிங்கம் மாமா படிச்சாரு."

அப்படியென்றால் லைன் முழுக்கக் கேட்டாயிற்று. இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டும். எங்கள் லைனில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தால் அது ஒரு வீட்டுக் கடிதம் இல்லை. வரிசையாக இருக்கும் அத்தனை வீட்டுக்கும் பொது. சாயங்காலம் வாசலில் எல்லோரும் கூடியபின், சத்தமாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் படிப்பார். இப்போது அந்த வேலை ஷிப்டு ஆட்களைப் பதிகிற டோக்கன் ஆபீஸில் இருந்து ஓய்வுபெற்ற ராமலிங்கம் மாமாவுடையது. கல்யாணத்துக்கு முன்னால் அது என்னுடையது. குவைத்திலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் வந்த எத்தனையோ கடிதங்களை நானே நின்று படித்திருக்கிறேன். அதனால்தான் வீட்டு விஷயத்தைக் கடிதத்தில் யாரும் எழுதமாட்டார்கள். கடிதத்தில் சௌக்கியம் விசாரிப்பு, மற்றதெல்லாம் போனில். இந்த விதி எனக்குத் தெரியாததா? பத்து வருஷத்தில், கடிதம் என்றால் உறையில் பெயர் எழுதிய ஒரே ஆளுக்கு என்று நினைக்கிற அளவுக்கு நான் மாறிப்போயிருந்தேன்.

"படிச்சி முடிச்சதும், ‘அப்போ சேகருக்கு மூச்சும் நாக்கும்தான் பாக்கியா’ன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. அப்பறம் சோறு துன்ன வர்ல," என்றாள் அமுதா. "இப்ப ரேஷன் கியூல நின்னாக்கூட, ‘இன்னா சேகரு, கையில இன்னா கீது’ன்றானுங்க."

"அவன் என்னைத் திட்டினானா?"

"திட்டலக்கா. ஒரே வார்த்தைதான் சொன்னாரு. ‘தண்ணி என் கையில இல்லன்னு அக்கா எழுதிக்கீது. அப்ப இருபது வருசமா நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்?’ன்னாரு."

அமுதா மேற்கொண்டு சொன்னாள்: தினமும் காலையில் பழைய ஷிப்டு நேரத்துக்கு எழுந்து, பல் விளக்கி, டீ குடித்துவிட்டு, பம்ப் தண்ணீர் மேலே வந்து விழுந்துகொண்டிருந்த கால்வாய்ப் பக்கம் போய் நிற்கிறானாம். கால்வாய் காய்ந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறானாம்.

வியாழக்கிழமை வகுப்பில் எலெனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். அவள் ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், "கஸ்தூரி, அந்த அரசன் அந்தக் குறிப்புகளை யாருக்கு எழுதினான்?" என்று கேட்டாள். தனக்குத்தான் எழுதிக்கொண்டான். தம்பிக்குத் தபாலில் போடவில்லை. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லை என்று நம்மில் சொல்வதை அந்தப் பெண் கிரேக்க வழியாகச் சுற்றிக்கொண்டுவந்து சொன்னாள். அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். அதே ஞானிகள், நீ யாருக்கு மகள், யாருக்கு அக்கா என்று பார்த்து அதற்கேற்ற காரியத்தைச் செய் என்றும் சொல்லியிருக்கிறார்களாம். தம்பி எப்படி நடந்துகொள்கிறான் என்பது உன் பொறுப்பில்லை. நீ அக்காவாக இருப்பது உன் பொறுப்பு.

அதைக் கேட்டபோது எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. எனக்கு ஒன்பது வயது. அப்பா சுரங்கத்தில் ஷிப்டில் இருந்த நேரம், அடியில் பாறை வெடித்து எங்கள் வீடு ஆடியது. பாத்திரங்கள் உருண்டன. அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, சேகரை இடுப்பில் தூக்கிக்கொண்டு சுரங்க வாயான ஷாஃப்டுக்கு ஓடினாள். லைனில் இருந்த எல்லாப் பெண்களும் ஓடினார்கள். அங்கே போய் நின்றால் பாறை விலகிவிடும் என்று அவர்களில் ஒருத்திகூட நினைக்கவில்லை. ஆட்களை ஏற்றி வரும் கேஜ் மேலே வந்து கதவு திறக்கும்போது எதிரில் தன் ஆள் நிற்கவேண்டும், அதற்குத்தான். அப்பா சாயங்காலம் ஏறி வந்தார். அம்மா அழவில்லை. டிபன் கேரியர் எங்கே என்று கேட்டாள். கீழேயே விட்டுவிட்டு வந்ததற்குத் திட்டிக்கொண்டே வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அந்த வார ஞாயிற்றிலிருந்து நான் சரியாக இரண்டரைக்குக் கூப்பிட்டேன். இனி விளக்கக் கடிதம் கிடையாது, மன்னிப்புக் கடிதமும் கிடையாது. பாஷா பாய், "வர்லம்மா" என்பார். "அக்கா கூப்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க பாய்" என்று வைத்துவிடுவேன். வரமாட்டான் என்று தெரிந்தும் ஏன் கூப்பிடுகிறாய் என்று அனிதா கேட்டாள். இரண்டு வாரம் கழித்து அவளே கடிகாரத்தைப் பார்த்து, "அம்மா, டூ தர்ட்டி" என்று ஞாபகப்படுத்தினாள்.

6

எட்டாவது ஞாயிறு பாஷா பாய் எடுத்தார். "கீறாரு, இந்தா."

"அக்கா" என்றான் சேகர்.

"எப்படிடா கீற?"

"கீறேன். நீ?"

"கீறேன்."

பின்னால் ராபர்ட்சன்பேட்டை பஜார் சத்தம் கேட்டது. பஸ் ஹாரன், யாரோ கன்னடத்தில் பேரம் பேசுவது. "அந்த லெட்டரு..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடு. ஒன்னு கேக்கணும். பெங்களூர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல மோட்டார் போட ஆளு தேடுறாங்க. கீழ சம்புத் தொட்டி, மேல டேங்கு, அவ்ளோதான். ஊரிகத்துல காலை வண்டி புடிச்சா ராவுக்குள்ள வந்துர்லாம். போவட்டுமா?"

போ, உடனே போ என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன். பட்டது போதும். "நீ இன்னா நெனக்கிற?" என்று கேட்டேன், மிகவும் பக்குவப்பட்டவளைப் போல.

"என்னையே திருப்பிக் கேக்குறியே. கேக்காதப்ப கோடு கிழிச்சி அனுப்புன. இப்ப வாயத் தொறந்து கேக்குறேன், மூடிக்கினு கீற. நல்லா கீது ஒன் நாயம்."

அவன் சொன்னது சரி. உபதேசம் செய்தது ஒரு கர்வம் என்றால், இது இன்னொரு கர்வம். "சரி, சொல்றேன். மொதல்ல நீ சொல்லு. இதுல இன்னா கொழப்பம் ஒனுக்கு?"

சேகர் சொன்னான்.

"கீழ பம்ப் ரூம்ல ஒரு முருகர் படம் மாட்டியிருந்தேன். நான் வேலைக்குச் சேந்தப்ப அப்பா வாங்கிக் குடுத்தது. ஷிப்டுக்கு எறங்குனா மொதல்ல அவருக்குப் பூவு, அப்பறம்தான் வால்வுல கை வெப்பேன். கடைசி ஷிப்டு அதுதான்னு எனுக்குத் தெரியாதுக்கா. மறுநா வருவோம்னுதானே வந்தேன். மறுநா எறங்க வுடல."

"சேகரு..."

"அந்த லெவலு இந்நேரம் முழுகியிருக்கும். அவரு தண்ணிக்குள்ள கீறாரு. இருபது வருசம் அவரு மேல சொட்டுத் தண்ணி படாம பாத்துக்கினேன். இப்ப அவர அங்க வுட்டுட்டு, நான் போயி எவன் வூட்டு டேங்கையோ ரொப்பிக்கினு இருந்தா, அது சரியா? நீதான் படிக்கிறியே, சொல்லு."

இத்தனை வாரம் அவன் காய்ந்த கால்வாயைப் பார்த்து நின்றது எதற்காக என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை போன துக்கம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் நீர் வழிந்தது. எலெனியின் பாடம் எதுவும் அந்த நிமிஷத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை, நான் தேடவும் இல்லை.

"ஏன்டா, நம்ம பக்கம் எத்தினி சாமி கெணத்துலயும் கொளத்துலயும் கெடந்து வந்துது? தண்ணிக்குள்ள இருந்தா சாமிக்கு மூச்சு முட்டுமா? நீ அவர வுட்டுட்டு வர்ல. பூவு போட்டுட்டுத்தானே வந்த. போடா. வேலைக்குப் போ."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தான். தப்பா பூட்டா பூத்துக்கு வந்து என்னைத் திட்டு. ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு நான் கீறேன்."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பாஷா பாய் யாரிடமோ கொஞ்சம் இரு என்று சொல்வது கேட்டது. நான் காதில் போனை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

"அந்த மோட்டார் ரூம பாத்துட்டு வந்தேன்கா," என்றான் சேகர். "செவுரு பூரா டைல்ஸ் ஒட்டி வெச்சிக்கிறாங்க. ஒரு ஆணி அடிக்க வுடுவாங்களான்னு கேக்கணும்."